பின்னால் மங்கலாக நிற்பவர்

– கதவைச் சாத்தாதீங்க, போட்டோக்காரரே. முதல்ல இந்த போனைப் பாருங்க. இன்சூரன்ஸ் விளம்பரத்துல அழுதுட்டு நிக்கறது யாரு?

– நீங்கதாங்க மேடம். உள்ள வாங்க, வாசல்ல வெச்சுப் பேச வேணாம்.

– மேடம் கீடம்னு ஐஸ் வைக்காதீங்க. தையக்கடைக்காரி நான். துணி கொடுக்க வர்றவளெல்லாம் "என்னடி, நடிக்கப் போயிட்டியா"ன்னு கேக்கறா. விளம்பரம் போட்டவங்களை நச்சரிச்சுத்தான் உங்க விலாசத்தை வாங்கினேன்.

– தப்புதாங்க்கா. பஸ் ஸ்டாண்டுல தூரமா நின்னு எடுத்தேன். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். போட்டோ விக்கற வெப்சைட்ல ஏத்தினேன், அவங்க வாங்கிட்டாங்க. இப்பவே எடுத்துடறேன். போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க.

– போலீஸ் ஸ்டேஷன்லேருந்துதான் வரேன்.

– ஐயய்யோ! சத்தியமா சொல்றேன்க்கா, கல்யாணம், பிறந்தநாள்னு எடுத்து வயித்தைக் கழுவறவன் நான். பைக்கை வித்து லென்ஸ் வாங்கினேன். வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். உருப்படியா வித்த ஒரே படம் இதுதான்...

– நிறுத்துங்க. உங்களைப் பிடிச்சுக் கொடுக்க வரல. இதைக் கம்ப்யூட்டர்ல பெருசாக் காட்டுங்க.

– இதோ. பாருங்க்கா, கண்ணுல தண்ணி தளும்பறதுகூட எவ்வளவு...

– என் மூஞ்சியை நான் கண்ணாடியில பாத்துக்கறேன். தோளுக்குப் பின்னாடி பாருங்க. பச்சைச் சட்டை என் தம்பி. பக்கத்துல தொப்பி போட்டவன் நிக்கறான்ல, அவனைத் தெளிவாக்குங்க.

– முடியாதுக்கா.

– ஏன் முடியாது? எடுத்தது நீங்கதானே?

– நான்தான். பின்னாடி இருக்கறதெல்லாம் மங்கணும்னுதான் அந்த லென்ஸே வாங்கினேன். அப்பத்தான் முகம் எடுப்பாத் தெரியும். எடுக்கும்போதே மங்கினதை அப்புறம் எவனாலயும் தெளிவாக்க முடியாது.

– இப்பதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ வந்திருக்கே!

– அது கற்பனையா ஒரு மூஞ்சியை ஒட்டும். அவர் மூஞ்சி வராது. யாருக்கா அவர்?

– ஏஜென்ட். வெளிநாட்டுல வேலைன்னு சொல்லி என் தம்பியைக் கூட்டிட்டுப் போனான். அன்னைக்கு வழியனுப்பத்தான் அழுதுட்டு நின்னேன். ரெண்டு மாசமாச்சு, ஒரு போன் இல்ல. ஆபீஸ்னு சொன்ன எடம் பூட்டிக் கிடக்கு. பேரும் பொய்யாம். அவன் போட்டோ இருந்தாக் கொண்டாம்மாங்கறாங்க ஸ்டேஷன்ல. நான் எங்க போவேன்? எனக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான்யா. பயமா இருக்கு.

– அக்கா... அவருக்கு இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கா?

– இருக்கு. இதுலதான் ஒண்ணுமே தெரியலையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?

– முதல்ல எடுத்த படத்துல ஃபோகஸ் தவறி அவர் மேல விழுந்துடுச்சு. தழும்புகூடப் பளிச்சுன்னு இருந்துச்சு.

– அடக் கடவுளே! அதைக் காட்டுங்க சீக்கிரம்!

– அழிச்சுட்டேன்க்கா. அவரே என்கிட்ட வந்தார். கேமராவை வாங்கிப் பாத்து, அந்த ஒண்ணை மட்டும் அழிக்கச் சொன்னார். யாராச்சும் அப்படிக் கேட்டா மறுபேச்சு பேசாம அழிச்சுடுவோம், எங்க தொழில்ல அதுதான் மரியாதை. மத்த படமெல்லாம் பிரமாதம்னு பாராட்டினார்.

– பாராட்டினானா? பாவி! அப்புறம்?

– இவ்வளவு திறமையை வெச்சுக்கிட்டு ஏன்பா இங்க அல்லாடறே, கப்பல்ல போட்டோகிராபர் வேலை வாங்கித் தரேன்னார். ஒரு நம்பரும் கொடுத்தார்.

– அந்த நம்பர் இன்னும் இருக்கா? எடுக்கறானா?

– எடுக்கறார்க்கா. நாளைக்குக் காலையில என் பாஸ்போர்ட்டைக் கொடுக்க அவர்கிட்டதான் போறேன்.