முவைலா வாசலிலிருந்து பனிமலை விடுதிக்கு

வெண்பலகையில் விடியலை எழுதியவரே, வெயில் நகரில் வாழ்ந்துகொண்டே பனிமலைப் பெண்பிள்ளைகளுக்குப் பாதை போட்டவரே, எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியை நாகவள்ளி அம்மையீர், வணக்கம்!

தாங்கள் பாடம் நடத்திய பாங்கையும் பிள்ளைகளைப் பேணிய பண்பையும் அடுக்கத் தொடங்கினால் இந்தப் பிரிவு உபசார விருந்து ஆறிவிடும். ஆகவே நம் வாசல் காவலர் பூர்ணா தமாங் அறிந்த தங்களைப் பற்றி மட்டும் இம்மடல் பேசுகிறது.

பூர்ணா நேபாளத்து மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். ஜூன் வெயிலில் ஷார்ஜாவில் நம் முவைலாவின் தார்ச்சாலை கானலாக நெளியும்போது, அங்கே தம் ஊர் மூடுபனி இறங்குவதாக அவருக்குத் தோன்றும். அந்தப் பனிக்குள் மகள் பேமா நடந்து போவாள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். உயர்நிலைப் பள்ளி இரண்டு மலை தள்ளி இருந்தது.

நம் பிள்ளைகள் வகுப்பில் மறந்துவிட்டு, யாரும் கேட்டு வராத ஸ்வெட்டர்களைத் தாங்கள் துவைத்து, பெட்டி கட்டி, அவ்வூருக்குக் கார்கோவில் அனுப்பத் தொடங்கினீர்கள். குளிர் என்றால் ஏசியைப் பதினெட்டில் வைப்பது என்று நினைத்திருந்த நாங்கள், எங்கள் பங்குக்கு மெல்லிய துப்பட்டாக்களை அனுப்பினோம். அங்கே அவை ஜன்னல் திரைகளாகிவிட்டனவாம். தாங்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, கம்பளிக்காகக் கடை கடையாக அலைந்தீர்கள். பிறகு ஊரார் கல் சுமக்க, நாம் கூரைக்குத் தகரம் வாங்கித் தர, அந்த உயர்நிலைப் பள்ளியை ஒட்டியே பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி எழுந்தது. ஆனால் ஒரு பிள்ளையும் வரவில்லை.

சென்ற டிசம்பரில் பூர்ணா தயங்கித் தயங்கித் தங்களிடம் வந்தார்.

"மேடம், கட்டடம் ரெடி. ராத்திரி கூடத் தங்க ஒரு பெரிய மனுஷி இல்ல. நானே என் பொண்ண விடமாட்டேன். மார்ச்சுக்குள்ள ஆள் கிடைக்கலேன்னா வீட்டுல கல்யாணம் பேசிடுவாங்க."

"மார்ச்சோட எனக்கும் இங்க டியூட்டி கலாஸ், ரிட்டயர் ஆகறேன், பூர்ணா பாய். நான் வந்தா சேத்துக்குவீங்களா?" என்றீர்கள்.

பூர்ணா தம் வாசலையே மறந்துவிட்டார். கேட்டைத் திறக்க ஆளில்லாமல் வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. மாலையில் போனில் செய்தியைச் சொன்னதும் பேமா கேட்டது ஒன்றுதான்: "அவங்க பாதியில போயிட மாட்டாங்களே?" அதைத் தங்களிடம் கேட்க மனம் வராமல், பூர்ணா எங்களிடம் வந்து கேட்டார்.

கோவையில் தாங்கள் ஆசையாக வாங்கிய ஃபிளாட் இனிப் பூட்டியே கிடக்கும். தங்கள் மூட்டுவலியை நினைத்தால் எங்களுக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கண்மூடினால், நம் பள்ளி முத்திரை பதித்த ஸ்வெட்டர்கள் மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பின்னால் மூச்சு வாங்கியபடி தாங்களும் ஏறுகிறீர்கள்.

நீடு வாழ்க என வாழ்த்துவது மரபு. நாங்கள் அதைத் தங்களிடம் கெஞ்சியே கேட்கிறோம். விடுதியில் சேரப் பேமாவோடு பதினொரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கீழ்வகுப்பில் சேர வரும் கடைக்குட்டி இப்போது நான்காம் வகுப்பு. அவள் பள்ளிப்படிப்பை முடிக்கும்வரை தாங்கள் நலமாக இருந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
தங்களை அனுப்ப மனமில்லாமல் அனுப்பிவைக்கும்
ஆசிரியர்கள், அலுவலர்கள், பஸ் ஓட்டுநர்கள், வாசலில் பூர்ணா
முவைலா, ஷார்ஜா