நான்கு விநாடி இருப்பு

மாலை ஐந்து பத்து. ஐம்பத்தொன்பதாம் நெடுஞ்சாலை, முப்பத்தொன்பதாவது மைல்கல். போன வருட டிசம்பர், இருட்டி அரை மணி ஆகிவிட்டது. முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. இரண்டு பக்கமும் வேலிக்கம்பி, அதற்கப்பால் பனி, அதற்கப்பால் ஒன்றுமில்லை... அந்த இடத்தில்தான் ஆரினுடைய பிக்கப்பில் ரேடியோ முதல் தடவை நின்றது.

"நின்னுச்சா, அணைஞ்சுச்சா?" என்றான் ரீஸ்.

நல்ல கேள்வி. நின்றது. விளக்கு எரிந்தபடிதான் இருந்தது.

உறைந்த ஏரியின் மேல், வெர்னுடைய ஒட்டுப்பலகைக் குடிலுக்குள் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே பூஜ்யத்துக்கு இருபது பாகை கீழே. எரிவாயு அடுப்பைச் சுற்றி நாலு மடக்கு நாற்காலி. ஒன்று காலி. காலடியில் பனிக்கட்டி அவ்வப்போது 'டொய்ங்...' என்று நீளமாக முனகும். ரீஸ் எங்கள் பக்கம் எரிவாயு லாரி ஓட்ட வந்து இரண்டு மாதம்தான். ஒவ்வொரு முனகலுக்கும் காலைத் தூக்கிக்கொண்டான்.

அவன்தான் ஆரம்பித்தான். சற்று முன் வெர்ன் ஒரு ஜோக் சொன்னான். மூன்று பேரும் சிரித்தோம். ஒரு மூச்சு கழித்து ஆரின் தனியாகச் சிரித்தார். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு, மீனுக்காகப் பனிக்கட்டியில் துளைத்திருந்த தூரத்துக் குழிகளில் தூண்டிலைப் பார்க்கப் போனார்.

கதவு மூடியதும் ரீஸ் கேட்டான். "வெர்ன், உங்க மச்சானுக்குக் காது மந்தமா? எது கேட்டாலும் கொஞ்சம் லேட்டாத்தான் வருது."

"காது நல்லா கேக்கும்," என்றான் வெர்ன். என்னைப் பார்த்தான். "நீயே சொல்லு ரஸ். வயர் இழுத்தவன் நீதானே."

ஆரின் திரும்பி வர இருபது நிமிடம் ஆகும். அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

ஆரின் லிண்ட்விக் மாடு வளர்ப்பவர். வெர்னுடைய அக்கா மார்லிஸைக் கட்டியவர். மார்லிஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி... வாரம் மூன்று நாள் மைல்ஸ் சிட்டிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போக எண்பத்து நாலு மைல், வர எண்பத்து நாலு. போகாமல் இருக்க முடியாது. ஒரு வாரம் தவறினால் ஆள் இருக்காது. அந்தச் சாலையில் போன் எடுக்காது, ஊர் ரேடியோவும் எட்டாது. மார்லிஸுக்கு அக்கார்டியன் வைத்த போல்கா பாட்டு என்றால் உயிர். அதனால்தான் செயற்கைக்கோள் ரேடியோ.

வண்டி ரேடியோ மாட்டுவது என் தொழில். இது ஒரு மணி நேர வேலை. பிஸ்கட் அளவு ஆண்டெனா, அடியில் காந்தம். கூரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வயரைக் கதவு ரப்பருக்குள் செருகி, கண்ணாடித் தூணின் மூடியைக் கழற்றி, உள்ளே இறக்கி, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் சொருக வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு வயர் பழைய ரேடியோவுக்கு. அவ்வளவுதான்.

தவறு பெட்டியில். ஒரு காலத்தில் இதற்கு ஆயுள் சந்தா விற்றார்கள். சந்தா ஆளுக்கு இல்லை, பெட்டியின் எண்ணுக்கு. பெட்டி யார் கைக்குப் போனாலும் பாட்டு வந்துகொண்டே இருக்கும். அதனால் எங்கள் ஊரில் எல்லோரும் பழைய வண்டிக் கிடங்குகளில் அந்தப் பெட்டியைத் தேடுவோம். நசுங்கிக் கிடந்த ஒரு பிக்கப்பிலிருந்து இதைக் கழற்றி வந்தது வெர்ன். மாட்டியது நான். யாருடைய வண்டி என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

"நீ கேக்கல, நான் கேக்கல," என்றான் வெர்ன் அடுப்பைப் பார்த்தபடி.

பெட்டி சூடாகும்போது ஒரு வாசனை வரும். இஞ்சின் குளிர்நீர் கசிந்தால் வருமே, அந்தத் தித்திப்பு வாசனை. துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

இப்போது ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். மேலே ஒரே நிகழ்ச்சியை இரண்டு செயற்கைக்கோள்கள் அனுப்புகின்றன. ஒன்று இப்போது. மற்றொன்று நாலு விநாடி பிந்தி. முதலில் வந்ததைப் பெட்டி இருப்பு வைத்துக்கொண்டு, இரண்டாவது வந்த பிறகுதான் பாடும். எதற்கு? வண்டி ஒரு பாலத்துக்கு அடியில் போகிறது என்று வை. மேலிருந்து வருவது அறுந்துவிடும். ஆனால் பாட்டு நிற்காது. பெட்டி இருப்பிலிருந்து எடுத்துப் பாடும். நாலு... மூன்று... இரண்டு... ஒன்று. அதற்குள் வெளியே வந்துவிட்டால் உனக்கு எதுவுமே தெரியாது. வராவிட்டால்தான் மௌனம்.

"அப்போ நாம கேக்கறது எல்லாம் பழசு," என்றான் ரீஸ்.

"நாலு விநாடி பழசு. மேலே அறுந்துபோனது கீழே பாடிக்கிட்டிருக்கும்."

ஆரினுக்கு நடந்தது இதுதான். திரும்பி வரும் வழி. மார்லிஸ் களைத்துத் தூங்குகிறாள். முப்பத்தொன்பதாவது மைல்கல். அங்கே பாலம் இல்லை, குன்று இல்லை, தலைக்கு மேல் முழு வானம். போல்கா நின்றது. அதற்குப் பதில் வேறு ஒரு சத்தம்... ஈரமில்லாத கண்ணாடியில் துடைப்பான் தேயும் சத்தம். கிறீச்... கிறீச்... சரியாக நாலு விநாடி. பிறகு போல்கா.

அடுத்த நடை, அதே இடம். துடைப்பானோடு சீட்பெல்ட் மணி. டிங்... டிங்... டிங்...

மூன்றாவது நடை. துடைப்பான், மணி, ஒரு பெண் குரல்.

"ஆரின்... பதில் சொல்லு."

மார்லிஸின் குரல். ஆரின் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மார்லிஸ் வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை என் கடை வாசலில் நின்றார். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"கழட்டிடு ரஸ்."

"அந்தப் பெட்டிக்குக் காது கிடையாது ஆரின். மைக்கே இல்ல. உங்க வண்டிக்குள்ள பேசறதை அது எப்படிப் பிடிக்கும்?"

"அதெல்லாம் உன் பாடு. அந்த ரோட்ல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவ என்ன பண்ணுவா? கண்ணாடியில படிஞ்ச பனியைச் சுரண்டக்கூட அவ கையில தெம்பு இல்ல. கழட்டு."

கழற்றினேன். கதவு ரப்பரைப் பிரித்தால் உள்ளே வைக்கோல், எலிப்புழுக்கை. ஆண்டெனா வயரை எலி இரண்டாகக் கடித்திருந்தது. வெட்டு பழசு, செம்பு கறுத்துக் கிடந்தது. இரண்டு வாரமாவது ஆகியிருக்கும். அப்படியானால் இரண்டு வாரமாக மேலிருந்து ஒன்றுமே வரவில்லை... முந்தின நாள்வரை மார்லிஸ் போல்கா கேட்டிருக்கிறாள்.

இதை நான் ஆரினிடம் சொல்லவில்லை.

பெட்டி இல்லாமல் அவர்கள் போன இரண்டாவது நடை. அதே மைல்கல். சாலையில் கண்ணாடி மாதிரி பனிப்படலம். வண்டி சுழன்று பள்ளத்தில் இறங்கியது. மார்லிஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. துடைப்பான் தானாக ஓடத் தொடங்கியது. பெல்ட் மணி அடித்தது. குளிர்நீர் கசிந்து வண்டிக்குள் தித்திப்பு வாசனை. ஆரின் ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தார்.

"ஆரின்... பதில் சொல்லு."

மார்லிஸ் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். வாரம் மூன்று நாள் நர்ஸுகள் அவள் கையில் துடிப்பைத் தேடுவதைப் பார்த்துப் பழகியவள். எங்கே விரல் வைக்க வேண்டும் என்று தெரியும். துடிப்பு இல்லை. மூச்சும் இல்லை. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு...

"இருக்கேன்," என்றார் ஆரின்.

ரீஸ் மூச்சை விட்டான். "பிழைச்சுக்கிட்டாரு."

"பிழைச்சுக்கிட்டாரு," என்றான் வெர்ன்.

ஆனால் அன்றிலிருந்து, என்ன கேட்டாலும் பதில் நாலு விநாடி கழித்துத்தான் வந்தது. சாப்பிடுவார், நடப்பார், மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சீட்டாட்டத்தில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரிப்பார். தலையில் அடி, போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். இப்போது மார்லிஸ்தான் வண்டி ஓட்டுகிறாள். தன் வைத்தியத்துக்குத் தானே. அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்.

"சரியாயிட்டுத்தான் இருக்கு," என்றான் வெர்ன் அவசரமாக. "மே மாசம் கன்னுக்குட்டிக்குச் சூட்டு முத்திரை குத்தினப்ப மூணு விநாடிதான். அக்டோபர்ல கன்னுங்களை விக்கறப்ப ரெண்டு. அக்காகூடச் சொன்னா, குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு. நேத்து கேக் பண்ணினா."

"இன்னைக்கு ஒண்ணு," என்றேன். "ஜோக் சொன்னப்ப எண்ணினேன்."

"அதான் சொல்றேன். நல்லதுதானே?"

அடுப்பைச் சற்றுத் தணித்தேன். இந்தப் பெட்டிகளைப் பத்து வருடமாகப் பிரித்து மாட்டுகிறேன். மேலே அறுந்த பிறகு இருப்பு எப்படித் தீரும் என்று எனக்குத் தெரியும். நாலு. மூன்று. இரண்டு. ஒன்று.

ரீஸ் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரியத் தொடங்கியது. காலடியில் ஏரி முனகியது. இந்தத் தடவை அவன் காலைத் தூக்கவில்லை.

வெளியே காய்ந்த பனியில் பூட்ஸ் நெரியும் சத்தம். கறுக்... கறுக்... குடிலைச் சுற்றி வந்தது. கதவில் இரண்டு தட்டு.

"யாரு?" என்றான் ரீஸ்.

"நான்தான்."

எண்ணுவதற்கு இடமே இல்லை. ரீஸ் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

வெர்ன் முகம் மலர்ந்தது. "கேட்டியா ரஸ்? கேட்டியா? சரியாயிடுச்சு." எழுந்து கதவைத் திறந்தான். ஆரின் தலைகுனிந்து உள்ளே வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அவரோடு ஒரு வாசனையும் வந்தது. எங்கள் வண்டிகள் அரை மைல் தள்ளிக் கரையில் நின்றன. குடிலுக்குள் எரிவாயு அடுப்பு மட்டும்தான், இஞ்சின் எதுவும் இல்லை. ஆனால் அது அந்தத் தித்திப்பு வாசனைதான்.

"காபி வேணுமா மச்சான்?" என்றான் வெர்ன்.

"குடு." உடனே.

வெர்ன் சிரித்துக்கொண்டே ஊற்றினான். ஆரின் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினார். புன்னகைத்தார். நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்தார். கை அங்கேயே நின்றது.

"மீன் ஏதாச்சும் மாட்டுச்சா?" என்றான் வெர்ன்.

ஒண்ணு.

ரெண்டு.

மூணு.

"மச்சான்?"

நாலு. அஞ்சு. கோப்பையிலிருந்து ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. எந்த மூச்சும் அதைக் கலைக்கவில்லை. புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் திறந்தபடிதான் இருந்தன.