எதிர்ப்பக்கச் சாணை

— "தொழிற்சாலைக் கத்தி பிறக்கிறது; என் கத்தி அவதரிக்கிறது." எப்படிக்கா இருக்கு? அவர் வந்து உட்கார்ந்ததும் முதல் வாக்கியம் இதுதான்.

— நல்லா இருக்கு. ஆனா ஒரு அவதாரத்து மேல எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டிருக்கே. அவர் வர்றதுக்குள்ள அதை எடு.

— விளையாடாதேக்கா. இன்னிக்கு என் தலையெழுத்து முடிவாகிற நாள். ஓட்டல் தலைமைச் சமையல்காரர் என் கத்தியை ஒரு வாரம் வெச்சுப் பார்த்துட்டு முடிவு சொல்ல வர்றார். அவரோட சேர்த்து அங்க எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் நான்தான் கத்தி அடிக்கப்போறேன்.

— வேண்டாம்னுட்டார்னா?

— அந்த வார்த்தையை இந்தப் பட்டறைக்குள்ள உச்சரிக்கக் கூடாது.

— சரி, உச்சரிக்கல. உன் ஆபீஸ் சட்டை நாலையும் இஸ்திரி போட்டுக் கொண்டாந்திருக்கேன். இந்தக் கொக்கியில மாட்டறேன். கரி படாம பார்த்துக்கோ. இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் திங்கட்கிழமை வரைக்கும்தான் உன் நாற்காலியைக் காலியா வெச்சிருப்பாராம்.

— அப்ப உனக்கு என்மேல நம்பிக்கை இல்ல.

— உன் கத்திமேல இருக்குடா. ஒரு வருஷமா அதுலதானே சமைக்கிறேன்? தக்காளியைத் தொட்டாலே ரெண்டாகுது. கடைக் கத்தியை உங்க மாமாதான் தேடி எடுத்துக்கிறார். உன் கத்தியில வெங்காயம் கோணலா போகுதாம் அவருக்கு. நறுக்கத் தெரியாத மனுஷன், பழியைக் கத்திமேல போடறார்.

— மாமாவுக்கு அது பிடிபடாதுக்கா. அதுதான் என் கண்டுபிடிப்பே. எதிர்ப்பக்கச் சாணை! ஒரு பக்கம் மட்டும் சாணை பிடிக்கிற கத்தியை ஊருலகத்துல எல்லாரும் வலப்பக்கமா பிடிக்கிறாங்க. நானும் ஆரம்பத்துல வீடியோவைப் பார்த்து அப்படித்தான் பண்ணினேன். வெட்டினா கத்தி ஒரு பக்கமா இழுத்துட்டு ஓடுச்சு. மூணு மாசம் தூங்காம யோசிச்சேன். கடைசியில ஒரு தெளிவு வந்தது. உலகம் தப்பு. இடப்பக்கமா பிடிச்சேன், நூல் பிடிச்ச மாதிரி இறங்குச்சு.

— உலகம் தப்புன்னு தெரிய உனக்கு மூணு மாசமா ஆச்சு? வழக்கமா அவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டியே.

— விளம்பர நோட்டீஸ்லயே கொட்டை எழுத்துல போட்டிருக்கேன்... இரு, வண்டிச் சத்தம். அவர்தான். வாங்க சார், வாங்க. இப்படி உட்காருங்க. இவங்க எங்க அக்கா. சார், "தொழிற்சாலைக் கத்தி..."

— தப்பா நினைக்காதீங்க தம்பி. மதியத்துக்குள்ள நான் சமையலறையில இருந்தாகணும். கத்தியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன்.

— திருப்பி... கொடுக்கவா?

— குறை சொல்லணும்னு சொல்லல. நல்ல இரும்பு. கனம் கையில பாந்தமா உட்காருது. எங்க கடைக் கத்தியெல்லாம் தினம் காலையில சாணைக்கல்லைத் தேடும். இது வாரம் பூரா முனை மழுங்கல. எல்லாம் சரி. ஆனா வெள்ளரிக்காயை நறுக்கினா ஒரு ஓரம் தாள் மாதிரி, மறு ஓரம் பலகை மாதிரி வருது. பசங்க எல்லாரும் ஒரே குரலா வேண்டாங்கறாங்க.

— சார், அது சாதாரணக் கத்தி இல்ல. கை அதுக்குப் பக்குவப்படணும்...

— நான் நறுக்கிப் பார்த்தும் கோணலாத்தான் வந்துச்சு தம்பி. என் கை இனிமே எங்க போய்ப் பக்குவப்படறது? தொழிற்சாலைக் கத்தியை நீங்க கேவலமா பேசறீங்க. அதுக்கு யாரையும் தெரியாதுதான். தெரியாததால யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணாது. ரெண்டு பக்கமும் சமமா சாணை பிடிச்சிருப்பான். யார் எடுத்தாலும் சுமாரா போகும். ஆனா நேரா போகும். தொலைஞ்சா நாளைக்கே அதே மாதிரி இன்னொண்ணு வரும்.

— சார், நான் நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. ஒருத்தர்கூடவா நல்லா இருக்குன்னு சொல்லல?

— ஒரே ஒரு பொண்ணும்மா. சாலட் மேசையில நிக்கிறவ. வேலைக்கு வந்து மாசம்கூட ஆகல, அதனால அவ பேச்சை நான் பெருசா எடுத்துக்கல. இன்னிக்குக் காலையில அவகிட்டேருந்து இதைப் பிடுங்காத குறையா வாங்கிட்டு வந்தேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கா.

— அந்தப் பொண்ணு எந்தக் கையில நறுக்கும்?

— இடது கை. பக்கத்துல நிக்க எவனும் ஒத்துக்க மாட்டேங்கிறான், முழங்கை இடிக்குதாம். ஏம்மா கேக்கறீங்க?

— டேய், என் பையில கேரட் இருக்கு பாரு. ஒண்ணை எடு. நறுக்கு.

— இப்ப எதுக்குக்கா அதெல்லாம்? போன மானம் போதாதா?

— நறுக்குடா. ம். நேரா விழுதா? இப்ப சொல்லு, கத்தி எந்தக் கையில இருக்கு?

— இடது கையில.

— நானும் இடது கை. அம்மாவும் இடது கை. நம்ம வீட்டு அடுப்படியில யாரும் யாரையும் இடிச்சதில்ல, அதனால நமக்கு அது உறைக்கவே இல்ல. உலகம் தப்பு இல்லடா. உலகம் வலது கை.

— ஐயோ.

— உட்காரு. சுத்தியலை எதுக்கு எடுத்தே? கீழ வை, கால்ல போட்டுக்கப்போறே.

— இடது கைன்னு எனக்குத் தெரியும்க்கா. சாணையோட சேர்த்துத்தான் யோசிக்கல. பெயர்கூட வெச்சுட்டேனே. நோட்டீஸ் அடிச்சுட்டேனே.

— அதைக் கிழிச்சுக்கலாம். நான் ஒரு வருஷமா உங்க மாமாவைத் திட்டினதைத்தான் எப்படி வாபஸ் வாங்கறதுன்னு தெரியல.

— தம்பி, இங்க பாருங்க. அப்ப இது மட்டமான கத்தி இல்ல. அந்தப் பொண்ணுக்குன்னே அடிச்ச கத்தி. அடிச்ச உங்களுக்கே தெரியாம அடிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்.

— இதை உருக்கிடறேன் சார்.

— உருக்கறதா? சாலட் மேசை என்ன ஆகறது? இது அவகிட்டயே போகட்டும். நீங்க நாளைக்குக் காலையில எங்க சமையலறைக்கு வாங்க. வாயைத் திறக்காம ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நில்லுங்க. எவன் எந்தக் கை, எப்படிப் பிடிக்கிறான், எவ்வளவு குனியறான்னு பாருங்க. முதல்ல எனக்கு ஒண்ணு அடிங்க, வலப்பக்கச் சாணை. திங்கட்கிழமைக்குள்ள ஆகுமா?

— ஆகும் சார். ராத்திரி பகலா அடிச்சுடறேன்.

— அது நேரா போச்சுன்னா மீதி ஆறும் உங்களுக்குத்தான். கடைக் கத்திக்கு இல்லாதது ஒண்ணு உங்ககிட்ட இருக்கு தம்பி. தொழிற்சாலை எங்க கையைப் பார்க்காது, நீங்க பார்க்கலாம். பார்த்தாத்தான் உண்டு. சரி, நான் வந்தப்ப ஏதோ சொல்ல ஆரம்பிச்சீங்களே, பாதியில நிறுத்திட்டேன்?

— ஒண்ணுமில்ல சார். நீங்க எந்தக் கைன்னு கேக்க வந்தேன்.

— நல்ல கேள்வி. அதையே முதல் வாக்கியமா வெச்சுக்கோங்க. வர்றேம்மா.

— போயிட்டு வாங்க சார்... டேய், சிரிக்கலாம்டா. ஆறு கத்தி உன்னைத் தேடி வருது. மேனேஜருக்கு நானே போன் பண்ணி, நாற்காலியை வேற யாருக்காவது கொடுங்கன்னு சொல்லிடறேன்.

— எப்படிக்கா சிரிக்கிறது? இதுக்கு முன்னாடி வாங்கினவங்க கதி? டாக்டர், வக்கீல், காலேஜ் முதல்வர், காண்ட்ராக்டர்... எல்லாம் வலது கைக்காரங்க. எல்லார் வீட்டுலயும் காய் கோணலா போயிட்டிருக்கும். பெரிய மனுஷங்க, மரியாதைக்கு வாயை மூடிட்டு இருந்திருக்காங்க. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு மன்னிப்பு கேட்டு, கத்தியை வாங்கி வேற அடிச்சுக் கொடுக்கப்போறேன்.

— அதுதான் முறை. வாசல்ல போய்ப் பேசு, இங்க சரியா கேக்காது. நான் அதுக்குள்ள இந்த மேசையைத் துடைக்கிறேன்.

...

— என்னடா, பேசிட்டியா? முகம் ஏன் இப்படித் தொங்குது? கண்டபடி திட்டினாங்களா?

— யாரும் திட்டலக்கா. கத்தி பிரமாதம்னாங்க.

— கோணலா வெட்டலையாமா?

— டாக்டர் வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காராம். வக்கீல் சுவத்துல மாட்டியிருக்காராம். முதல்வர் இன்னும் டப்பாவையே பிரிக்கல.

— ஒருத்தர்கூடவா அதை வெச்சு எதையும் வெட்டல?

— காண்ட்ராக்டர் வெட்டியிருக்கார். பேத்தியோட பிறந்தநாள் கேக்கை. பேக்கரிக்காரன் அன்னிக்கு பிளாஸ்டிக் கத்தி வெக்க மறந்துட்டானாம்.