ஓய்வில் ஓடிய லாரி

— மறுபடியும் கேக்கறேன், பரம்ஜீத் அம்மா. ஓய்வு நேரத்துல லாரியை எடுத்துட்டுப் போய், ஓட்டற நேரத்தைக் கணக்கு வைக்கற மெஷின்ல 'சொந்த வேலை'ன்னு பட்டனை அமுக்கியிருக்கீங்க. அப்படி என்ன சொந்த வேலை?

— அதென்னவோ, காத்து வாங்கலாம்னு தோணுச்சு ஆபீசர் சார்.

— லாரி நிறைய பீச் பழத்தோடயா?

— பழத்துக்குக் காத்து வேணாமா?

— வாஹே குரு! சார், நான் இவ வீட்டுக்காரன், ஹர்பன்ஸ். இவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசுல வச்சுக்காதீங்க.

— கவனிங்க ஹர்பன்ஸ். இந்த வயோமிங் எடை மேடையிலயே எனக்குத் தலை நரைச்சுப் போச்சு. 'சொந்த வேலை'ன்னு போட்டுட்டு, சரக்கு போக வேண்டிய சிகாகோ பக்கமா நைசா மைல் சேத்துக்கறவங்களை நிறையப் பாத்துட்டேன். அதை ஓட்டுன நேரம்னு நான் எழுதினா, இவங்க எடுத்த ஓய்வு செல்லாது. பத்து மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

— நான் பத்து மணி நேரம் ஓட்டக் கூடாதா?

— ஐயோ, ராத்திரி பூரா ஓட்டி, சட்டப்படி நான் ஓட்டற நேரமும் தீந்துபோச்சு சார்! லாரி இங்கேயே நின்னுடுமே!

— நிக்கும்.

— நாங்க ரெண்டு பேருமே நிக்கணுமா சார்?

— ரெண்டு பேருமேதான் அம்மா.

— அப்ப எழுதிக்கங்க. சிகாகோ பக்கந்தான் போனோம்.

— அடியே! உனக்கென்ன பைத்தியமா? நாளைக்கு சரக்கை இறக்கலைன்னா அடுத்த லோடு போயிடும்டி! சார், இவ சொல்றதை நம்பாதீங்க. நாங்க போனது பின்பக்கம். லாரமி தாபாவுக்கு.

— தாபாவுக்கா?

— இன்னிக்கு எங்க கல்யாண நாள் சார். நான் அதை மறந்து தாபாவைத் தாண்டி வந்துட்டேன். முழிச்சுப் பாத்தவ சும்மா விடுவாளா? லாரியையே திருப்பிட்டா. போய் பராத்தா தின்னுட்டு வந்தோம். இந்தாங்க பொட்டலம், கடை பேர் போட்டிருக்கு. பில்லும் உள்ளேயே இருக்கு.

— கவனிங்க... பில்லுல இன்னிக்குத் தேதிதான். பொட்டலமும் இன்னும் சூடா இருக்கு.

— ஒண்ணு எடுத்துக்கங்க சார்.

— டியூட்டியில கூடாது. சிகாகோ கிழக்கே இருக்கு, நீங்க மேற்கே போயிருக்கீங்க. இது சுத்தமான சொந்த வேலை, ஒரு தப்பும் இல்ல. ஏம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?

— அதென்னவோ, தோணல சார்.

— சரி, கிளம்புங்க. கல்யாண நாள் வாழ்த்துகள்.

— ரொம்ப நன்றி சார்! பாத்தியா பரம்ஜீத், தப்பிச்சோம்! நீ வண்டியை எடு. நான் போய்ப் படுக்கறேன், கண்ணெல்லாம் எரியுது.

— போங்க சர்தார்ஜி. போய்ப் படுங்க.

— ஏம்மா, இன்னும் என்ன நிக்கறீங்க? வழி விட்டாச்சே.

— சார், பன்னெண்டு வருஷமா இவரும் நானும் ஒரே லாரியில இருக்கோம். இவர் ஓட்டினா நான் தூங்கணும், நான் ஓட்டினா இவர் தூங்கணும். இன்னிக்கு அந்தப் பராத்தாவுக்கு முன்னால உக்காந்தப்பதான் இவர் தாடி இவ்வளவு வெளுத்துப் போனதே எனக்குத் தெரிஞ்சது. பழம் குளிர்பெட்டியில இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பத்து மணி நேரத்தை எழுதிக் குடுத்துடுங்களேன்.