வாரம் ஒரு மதிப்பீடு

உயர் பதவியில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒரு தடவை மதிப்பிட்டால் போதும் என்றுதான் பல நிறுவனங்கள் நினைக்கின்றன, ஐயா. என் அனுபவத்தில் அது போதாது. டிசம்பர் மாதத்தில் மட்டும் நல்லவராக இருப்பது யாருக்கும் கஷ்டமில்லை.

எங்களுடையது வாவி நண்டைக் கூடுகளில் கொழுக்க வைத்து ஏற்றுமதி செய்யும் நிறுவனம். நான் மனிதவள முகாமையாளர். பொது முகாமையாளர் அழகரத்தினம் அண்ணன் களுவாஞ்சிக்குடிக்காரர், தோணி ஓட்டிக்கொண்டே படித்து மேலே வந்தவர். முதலாளி கனடாவில். எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மதிப்பிடுவது என்பதை அவர் என்னிடமே விட்டிருந்தார்.

முதல் வருடம் அண்ணனுக்கு நூற்றுக்கு நூறு. எனக்குச் சந்தேகம் வந்தது. காலாண்டுக்கு ஒரு தடவை ஆக்கினேன், அப்போதும் நூறு. பிறகு மாதம், பிறகு வாரம். வியாழக்கிழமைகளில் தூங்காத கண்களோடு என் முன்னால் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வார். அவருக்குப் பிரஷர் கூடிவிட்டது, இதைக் கொஞ்சம் குறைக்க முடியாதா என்று மனைவி வதனி வந்து கேட்டார். பரிதாபமாகத்தான் இருந்தது. ஒருவருக்காக நடைமுறையை மாற்றக் கூடாது.

நண்டு கழுவும் பெண்கள் நான் போனால் நிமிர மாட்டார்கள். அவர் போனால் கையைத் துடைத்துக்கொண்டு எழும்புவார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

படிவத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் ஊகத்தில்தான் புள்ளி போட்டு வந்தோம்: எதிர்பாராத ஆபத்தில் நடந்துகொள்ளும் விதம்.

அந்த வாரம் மழை விடவில்லை. வெல்லாவெளிப் பக்கம் வயலெல்லாம் வெள்ளம். வாவித் தண்ணீரைக் கடலுக்கு விட வெள்ளிக்கிழமை ஆற்றுவாயை அடைத்திருக்கும் மணல்மேட்டை வெட்டுவார்கள் என்பது ஊரெல்லாம் தெரிந்த செய்தி. வியாழன் காலை எட்டரைக்கு அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. தண்ணீர் கூடிவிட்டதாம், அன்றைக்கே பத்து மணிக்கு வெட்டுகிறார்களாம், தோணிகளை அந்தப் பக்கம் விட வேண்டாமாம். எடுத்தது நான். நன்றி சொல்லி வைத்தேன்.

பிறகு அண்ணனிடம் போய், ஆற்றுவாய்க்குக் கிட்ட இருக்கும் கூடுகளை அவரே தனியாகப் போய் இழுத்து வர வேண்டும், இந்த வார மதிப்பீடு அதுதான் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"வெட்டு நாளைக்குத்தானே, தம்பி?"

"ஓம் அண்ணன். நாளைக்குத்தான்."

"அப்ப சரி. போயித்து வாறன்."

பத்து மணிக்கு நான் இக்கரையில் குடையோடு நின்றேன். வேறு யாரும் இல்லை. மணல்மேடு உடைந்ததும் வாவி கடல் பக்கம் இழுக்கத் தொடங்கியது. பின்னால் கட்டியிருந்த கூடுகளை அறுத்து விட்டிருந்தால் தோணி திரும்பியிருக்கும். அவர் அறுக்கவில்லை, நிறுவனத்தின் நண்டல்லவா. கரைக்கு இருபது அடியில் வைத்து என்னைக் கண்டார். கயிறு எறியச் சொல்லிக் கையைக் காட்டினார். கயிறு என் காலடியில்தான் கிடந்தது. இடையில் உதவினால் மதிப்பீடு செல்லாது.

ஏழு நிமிடம் எடுத்தது. விசுவாசத்துக்கு முழுப் புள்ளி போட்டேன், முடிவெடுக்கும் வேகத்துக்குக் குறைத்தேன். உடல் கிடைப்பதற்கு முன்பே படிவத்தை முடித்துவிட்டேன். அவரைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம். அவருக்கு மொத்தம் எண்பத்தொன்று. போன வருட மதிப்பீட்டில் எனக்கு எண்பத்தாறு, ஐயா.