அக்கா பேரில் ஒரு நாள்

— சிரிக்காம விஷயத்தைச் சொல்லுடா. மாட்டிக்கிட்டியா, இல்லையா?

— இரு அக்கா, முதல்ல நான் மாட்டியிருக்கிற உன் பாவாடையைக் கழட்டிடறேன். நாள் பூரா காத்து வாங்கி ரெண்டு காலும் ஜில்லுன்னு கிடக்கு.

— அம்மா வர்றதுக்குள்ள சொல்லித் தொலை. வகுப்புல என் பேர் கூப்பிட்டப்ப என்ன பண்ணினே?

— "உள்ளேன் டீச்சர்"னு குயில் மாதிரி சொன்னேன்.

— நீயா குயில்? தகர டப்பா.

— ஆமா, பத்து நிமிஷம் முன்னாடி பொறந்துட்டா நீ பெரிய இவ.

— மொட்டையைப் பாத்து யாரும் ஒண்ணும் கேக்கலையா?

— பேன் வந்து உன்னை மாதிரியே உங்க வகுப்புல பாதிப் பேர் மொட்டை. பக்கத்துல உக்காந்தவ மட்டும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. சரி, தையல் பட்டறையில உன் கதை என்ன?

— அதை ஏன் கேக்குற. நீன்னு நெனச்சு மேஸ்திரி என்னைப் பெஞ்சுல உக்கார வெச்சார்டா. போன லீவுல பாவாடையோட போனப்ப, தரையில உக்காந்து நூல் வெட்டுன்னு சொன்ன அதே ஆளு. இன்னிக்கு "சிங்கக்குட்டி"ன்னு முதுகுல தட்டு வேற.

— கால் மேல கால் போட்டியா?

— போட்டேன். விழுந்துட்டேன்.

— அய்யோ அக்கா, வயிறு வலிக்குது.

— சிரி சிரி. இந்த விரலைப் பாரு, கத்திரி பிடிச்சுப் பிடிச்சுக் கொப்புளம். தினமும் இதையாடா செய்யுறே?

— பழகிடும். பொண்ணு ஒரு நாள் விடாம பள்ளிக்கூடம் போனா மாசாமாசம் அரிசி மூட்டை. பையன் போனா என்ன குடுக்கறாங்க? அதான் அப்பா உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், என்னைப் பட்டறைக்கு அனுப்பினார்.

— தெரியும்டா. அதுக்குத்தானே வாரா வாரம் வியாழக்கிழமை மட்டும் மாத்திக்கலாம்னு சொன்னேன். கணக்கு நடந்துச்சா?

— நடந்துச்சு. பின்னக் கணக்கு. மூணு வருஷம் கழிச்சு சாக்பீஸ் பிடிச்சேன், முதல் கோட்டுலயே ஒடிஞ்சுடுச்சு. ஆனா விடை சரிக்கா. அந்தச் சந்தோஷத்துல எல்லார் முன்னாடியும் பாவாடையைத் தூக்கி மூக்கைத் துடைச்சுட்டேன்.

— அடப்பாவி. டீச்சர் பாத்துட்டாங்களா?

— பாத்துட்டாங்க. கிட்ட வந்து காதுல கேட்டாங்க, "நீ தம்பிதானே?"ன்னு.

— போச்சு. மூட்டையும் போச்சு, உன் படிப்பும் போச்சு. அப்பா தோலை உரிச்சுடுவார்.

— நானும் அப்படித்தான் அழுதேன். கர்சீப் குடுத்து, "அழாம உக்காரு. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வா. வியாழக்கிழமைக்கு உன்னோட சேத்து பாவாடை கட்டின தம்பிங்க ஆறு பேர் ஆயாச்சு, பெரிய டீச்சருக்குச் சந்தேகம் வந்துடும்"னாங்க.