முதல் மார்க் வாங்கிய தண்ணீர்

"ஹலோ... ஆங், பார்வதம்தான் பேசறேன்... தீபிகாவா! சொல்லு கண்ணு. நீ எப்போ கூப்டுவேன்னு தெருவே காத்துக்கினு கீது."

தண்ணீர் பிடிக்க நின்ற எட்டுப் பேரும் குடத்தை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மண்ணூர்பேட்டையில் அந்தத் தெருவுக்கு ஒரே போர்வெல்தான். மோட்டார் சாவி பார்வதத்திடம். அதனால் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவி தீபிகா, பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லி பாட்டிலையும் அவளிடமே கொடுத்துப் போயிருந்தாள். எந்தத் தெருத் தண்ணீர் படுமோசமோ, அந்தத் தெருவுக்குப் பெரிய ஃபில்டர் வைத்துத் தருவார்கள்.

"ஆமா... ஆமா... ரிசல்ட் வந்துட்ச்சா?... இன்னாது? நம்ம தண்ணி முதல் மார்க்கா?..."

குரல் இறங்கியது.

"சந்தோசந்தாம்மா... அப்போ ஃபில்டரு?... பக்கத்துத் தெருவுக்கா?... இரு, இரு. எங்க பக்கெட்ட நீ பாத்ததில்ல? துருவேறின மாரி செவந்து கீது. சுதா கொழந்தைக்கு ஒடம்பெல்லாம் சொறி... ஏ சுதா, பேசிக்கினு கீறேன்ல, சும்மா இரு... உன்ன இல்ல கண்ணு... ஆங், பாட்டில்ல நான்தான் ரொப்புனேன்... எங்கேர்ந்தா?..."

ஃபில்டர் கேட்டு மூன்று மாதமாக மனு எழுதிய எதிர்வீட்டுத் துலுக்கானம் இன்னும் ஓரடி நெருங்கி வந்தார்.

"வேற பாட்டில் குடுத்தனுப்பேன்... லிஸ்ட்டு இன்னிக்கேவா? பதினோரு மணிக்கா?... காரணம் சொல்லணுமா?... அப்பறமா நானே கூப்டட்டா?... ஐயோ, வெக்காத! வெக்காத, சொல்றேன்!"

முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"படிச்ச புள்ள, வேகாத வெயில்ல வந்து கேட்டுட்டுப் போன. அந்த நாத்தத் தண்ணிய எப்டிம்மா உன் கையில குடுக்கறது? தெரு மானம் போவாது? பாட்டிலக்கூட ரெண்டு தபா கழுவுனேன்... இன்னா, கேக்கலியா?... கேன் தண்ணி... கேன் தண்ணிம்மா! கடையில வாங்குன கேன் தண்ணிய ஊத்திக் குடுத்தேன்!"

வாசல்களிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

"ஹலோ?... கண்ணு?... பதினோரு மணிக்குள்ள சொல்லிடுவ இல்ல?... ஹலோ?..."

இணைப்பு அறுந்திருந்தது. கடைசியாகச் சொன்னது அந்தப் பெண்ணின் காதில் விழுந்ததோ இல்லையோ, முதுகுக்குப் பின்னால் துலுக்கானம் தொண்டையைக் கனைத்தார். பார்வதம் திரும்பவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆங்... ஆமா... ஆமாம்மா... நீ சொல்லு, கேட்டுக்கினுதான் கீறேன்..."